கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

போன முறை மிக்ஸி ஜார் பற்றி நாலு வரி எழுதினேன். அதன் பலன், இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி பிளாஸ்டிக். நீளமானவற்றைக் கத்தரித்திருக்கிறேன். பலர் பெயர் வேண்டாம் என்றதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

கே: தண்ணீர் பாட்டிலில் சூடாக ரசம் ஊற்றினேன். பாட்டில் கோணலாகச் சுருங்கிவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். என்ன செய்யலாம்? (ஈரோடு)

ப: அவர் மறுத்தது சரி. அந்த பாட்டில் முதலில் தடித்த ஒரு சின்னக் குழாய். அதைச் சூடாக்கி, நீளவாக்கில் இழுத்து, உள்ளே காற்றடித்து ஊதித்தான் பாட்டில் ஆக்குகிறார்கள். அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் நதானியேல் வயெத் 1973-ல் காப்புரிமை வாங்கிய முறை இது. சோடாவின் அழுத்தத்துக்கு வெடிக்காத பாட்டில் வேண்டும் என்று அலைந்தார், கண்டுபிடித்தார். இழுத்து வைத்த அந்தப் பிளாஸ்டிக், ஏறக்குறைய 70 டிகிரி சூடு பட்டதும் பழைய அளவுக்கே திரும்பப் பார்க்கும். ரசத்துக்கு எவர்சில்வர் இருக்கிறது.

கே: 'கிரானைட் கோட்டிங்' தோசைக்கல் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். 'டெஃப்லான் இல்லை, ஜெர்மன் டெக்னாலஜி, பிஎஃப்ஓஏ ஃப்ரீ' என்று அட்டையில் போட்டிருந்தது. ஆறு மாதத்தில் தோசை ஒட்டுகிறது, நடுவில் உரிகிறது. ஏமாந்துவிட்டேனா? (விருதுநகர்)

ப: பாதி ஏமாந்தீர்கள், பாதி ஏமாற்றப்பட்டீர்கள். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. உட்கார்ந்து கேளுங்கள்.

ஒட்டாத பாத்திரத்தின் மூலப்பொருள் 1938 ஏப்ரல் 6-ம் தேதி அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கிடைத்தது. டூபாண்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் என்ற இளைஞர் குளிர்சாதனப் பெட்டிக்கு வாயு தேடிக்கொண்டிருந்தார். வாயு நிரப்பி வைத்த சிலிண்டரைத் திறந்தால் ஒன்றுமே வரவில்லை. எடை போட்டால் குறையவுமில்லை. அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே வழவழப்பான வெள்ளைத் தூள். அதுதான் பிடிஎஃப்இ. எதனோடும் ஒட்டாத அந்தப் பொருளை அலுமினியத்தோடு ஒட்டவைக்கும் வழியை 1954-ல் பிரான்சின் மார்க் கிரெகுவார் கண்டுபிடித்தார். அவர் அதைத் தூண்டில் சாமான்களுக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். வாணலிக்கும் பூசிப் பாருங்கள் என்று சொன்னது அவர் மனைவி. 1956-ல் டெஃபால் கம்பெனி தொடங்கியது.

அதற்குப் பிறகு அட்டைப்பெட்டியில்தான் பெரிய முன்னேற்றம். 'கிரானைட்', 'மார்பிள்', 'ஸ்டோன்' என்று விற்பவற்றில் மிகப் பெரும்பாலானவை அதே பிடிஎஃப்இ பூச்சுதான். கொஞ்சம் கனிமத் தூள் கலந்து, மேலே புள்ளி தெளித்திருப்பார்கள். 'டெஃப்லான் இல்லை' என்ற வரி இன்னும் கெட்டிக்காரத்தனம். டெஃப்லான் என்பது பிடிஎஃப்இ-க்கு ஒரு கம்பெனி வைத்த வணிகப் பெயர். அதே பொருளை வேறொரு கம்பெனி செய்தால் அந்த வரியைத் தாராளமாக அச்சடிக்கலாம், பொய் என்று நிரூபிக்க முடியாது. 'பிஎஃப்ஓஏ ஃப்ரீ'யும் அந்த ரகம். பிஎஃப்ஓஏ என்பது பூச்சைத் தயாரிக்கும்போது பயன்படுத்திய ஒரு துணை ரசாயனம். உடம்புக்குக் கெடுதல் என்று அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் 2015-க்குள் அதைக் கைவிட்டன. அது இல்லை என்றால் பிடிஎஃப்இ-யும் இல்லை என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் விற்பவர் கணக்கு.

நிஜமாகவே பிடிஎஃப்இ இல்லாதது 'செராமிக்' பூச்சு. மணலில் இருக்கும் சிலிக்காவின் குடும்பம். சூடு தாங்கும். ஆனால் ஒட்டாத குணம் சீக்கிரம் போய்விடும். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி உங்கள் பங்கு. பிடிஎஃப்இ பூச்சு 260 டிகிரி வரைதான் பத்திரம். காலிக் கல்லை முழுத் தீயில் வைத்துவிட்டுச் சட்னி தாளிக்கப் போனால் சில நிமிடத்தில் அந்த அளவைத் தாண்டிவிடும். நடுவில் மட்டும் உரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தீ படும் இடமே நடுதான். அதனால் 'கோட்டிங் கியாரண்டி' அட்டை இருந்தால் கேளுங்கள், ஆனால் 'அதிகச் சூடு' என்று பதில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

என் வீட்டுப் பரணில் 'டைமண்ட் கோட்டிங்' பணியாரக்கல் ஒன்று கிடக்கிறது. அதில் வைரத்தைப் பார்த்த இடம் விலைச்சீட்டு மட்டும்தான். பணியாரம் இப்போது இரும்புக் கல்லில்.

கே: டப்பாவுக்கு அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் சுமார், 7 என்று இருந்தால் உயர்தரமா? (கும்பகோணம்)

ப: அது பரீட்சை மார்க் இல்லை. எந்த வகைப் பிளாஸ்டிக் என்று தரம் பிரிப்பவர்களுக்குச் சொல்ல 1988-ல் அமெரிக்காவில் கொண்டுவந்த எண். 1 பெட் (தண்ணீர் பாட்டில் செய்வது), 2 எச்டிபிஇ (அடர்த்தியான பாலிஎத்திலீன்), 5 பாலிப்ரோப்பிலீன். 7 என்றால் 'மற்றவை', அதற்குள் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். சாப்பாட்டுக்கு ஆகுமா என்று பார்க்க கிளாஸும் முள்கரண்டியும் சேர்ந்த படம் தனியாக இருக்கும். சூடான சாதம் போட 5-ஐத் தேடுங்கள்.

கே: நான் ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர், தனியாக வசிக்கிறேன். வீடு கட்டும்போது பிளம்பர்தான் பைப் வாங்கி வந்தார். சோலார் வாட்டர் ஹீட்டர் லைன் எட்டு மாதத்தில் தொய்ந்து, எல்போ பக்கம் பிய்த்துக்கொண்டு மாடியெல்லாம் தண்ணீர். கடையில் 'தண்ணி ரொம்ப சூடும்மா' என்கிறார்கள். பில் இல்லை. 'சிபிவிசி' என்று கையால் எழுதிய எஸ்டிமேட் சீட்டு மட்டும் இருக்கிறது. (மன்னார்குடி)

ப: அம்மா, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. சுடுதண்ணீர் லைனுக்கு என்று விற்றுவிட்டு, தண்ணீர் சூடாக இருக்கிறது என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

நடந்தது இதுவாகத்தான் இருக்கும். சாதாரண பிவிசி பைப் 60 டிகிரிக்கு மேல் தாங்காது, இளகித் தொய்யும். வெயில் காலத்தில் சோலார் ஹீட்டர் தண்ணீர் அதைச் சுலபமாகத் தாண்டும். அதற்காகவே பிவிசி-யில் கூடுதலாகக் குளோரின் ஏற்றிச் செய்வது சிபிவிசி. இது 90 டிகிரி வரை நிற்கும். நம் ஊர்க் கடைகளில் சிபிவிசி பெரும்பாலும் வெளிர் சந்தன நிறம், பிவிசி வெள்ளை. இரண்டுக்கும் பசைகூட வேறு. விலை வித்தியாசம் எங்கே போனது என்று பிளம்பரையும் கடைக்காரரையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்டால் தெரியும்.

பிய்ந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், பைப் நெடுக ஒரு வரி அச்சு ஓடும். சிபிவிசி என்றால் 'ஐஎஸ் 15778' என்ற தர எண்ணும், ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். 'ஐஎஸ் 4985' என்றிருந்தால் அது சாதாரண பிவிசி, வழக்கு அங்கேயே பாதி முடிந்தது. உரிம எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை தரும் அரசு அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யாருடையது, இன்னும் செல்லுமா என்று காட்டும். எண்ணே போலி என்றால் அதே செயலியில் புகார் கொடுங்கள். முத்திரையைத் திருட்டுத்தனமாகப் போடுவது குற்றம்.

பில் இல்லை என்று கலங்க வேண்டாம். எஸ்டிமேட் சீட்டு, ஜிபே-யில் பணம் போன பதிவு, பிளம்பர் அனுப்பிய வாட்ஸ்அப், உடைந்த இடத்தின் படம் எல்லாமே சாட்சிதான். முதலில் 1915-க்கு போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். பல கடைகள் அதற்கே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். பைப் விலையோடு நிறுத்தாதீர்கள். சுவர், பெயிண்ட், மறுபடி பிளம்பிங் கூலி எல்லாவற்றையும் எழுதிக் கேளுங்கள். முடிவு என்ன ஆனது என்று எனக்கும் எழுதுங்கள்.

கே: ஆயிரம் லிட்டர் டேங்க் அடியில் விரிசல். மூன்று ஹாலோ பிளாக் வைத்து அதன்மேல் நிறுத்தியிருந்தேன். பத்து வருட வாரண்டி உண்டு. கம்பெனி மறுக்கிறது. (ஒசூர்)

ப: ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. ஒரு டன்னை மூன்று கல் மேல் தூக்கி வைத்துவிட்டுக் கம்பெனியைக் கேட்கிறீர்கள். அச்சுக்குள் பாலிஎத்திலீன் தூளைப் போட்டு, அடுப்புக்குள் சுழற்றிச் சுழற்றி உருக்கி, இணைப்பே இல்லாமல் செய்யும் சாமான் அது. அடிப்பாகம் முழுக்கச் சமதளத்தில் உட்கார்ந்தால்தான் தாங்கும். வாரண்டி அட்டையிலேயே இதைப் போட்டிருப்பார்கள். படித்தீர்களா?

கே: பார்க்க ஒரே மாதிரி இரண்டு பிளாஸ்டிக் சேர். ஒன்று 450 ரூபாய், ஒன்று 750. விலை குறைந்ததுதான் கனமாக இருக்கிறது. கனம் என்றால் உறுதிதானே? (தஞ்சாவூர்)

ப: இல்லை. கனமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சேர் செய்வது பாலிப்ரோப்பிலீனில். அது தண்ணீரைவிட லேசு. சுண்ணாம்புக்கல் தூள் மலிவு, எடை அதிகம். நிறையக் கலந்தால் விலை இறங்கும், சேர் கனக்கும், கூடவே மொறுமொறுப்பாகும். கால் வளையாது, படீரென்று முறியும். 1954-ல் பாலிப்ரோப்பிலீன் சங்கிலியை ஒழுங்காகக் கோத்துக் காட்டிய இத்தாலியின் ஜூலியோ நாட்டாவுக்கு 1963-ல் நோபல் பரிசு, ஜெர்மனியின் கார்ல் ஸீக்லரோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அதில் சுண்ணாம்பு கலந்தவருக்கு யாரும் பரிசு தரவில்லை, லாபத்தை அவரே எடுத்துக்கொண்டார்.

சேரைக் கவிழ்த்தால் உட்காரும் பலகையின் அடியில், நடுவில், சின்னதாக ஒரு வெட்டுத் தழும்பு தெரியும். உருகிய பிளாஸ்டிக் அந்த ஓட்டை வழியாகத்தான் அச்சுக்குள் பாய்ந்தது. அங்கே துருத்திக்கொண்டிருப்பதைப் பிளேடால் நகத்துணுக்கு அளவு சீவி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் முக்கி விடுங்கள். மிதந்தால் நல்லது. மூழ்கினால் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் கலப்படத் தூள் இருக்கிறது என்று வையுங்கள். மிதப்பதாலேயே புது பிளாஸ்டிக் என்று சொல்லிவிட முடியாது. பழசை உருக்கி ஊற்றியதும் மிதக்கும். கடைக்காரர் பிளேடு போட விடமாட்டார் என்பீர்கள். ஒன்று வாங்கிச் சோதித்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

குட்டியானை வண்டியில் மைக் வைத்து விற்றவரிடம் ஒரு செட் சேர் எடுத்தேன். மொட்டை மாடி வெயிலில் வெளுத்து, தொட்டால் கையில் மாவு ஒட்டியது. வெயில் தாங்கும் மருந்து சேர்க்காத சரக்கு. சம்பந்தி வந்த அன்றைக்கு ஒரு கால் போனது. வண்டி அதற்குப் பிறகு எங்கள் தெருப் பக்கம் வரவில்லை.

கே: குக்கர் கைப்பிடி உடைந்தது. தெருவில் ரிப்பேர் செய்பவர் 'ஒரிஜினல் பேக்கலைட்' என்று 180 ரூபாய்க்குப் போட்டார். அது தீப் பக்கம் இளகி வளைகிறது. பாட்டி கையைச் சுட்டுக்கொண்டார். (பழனி)

ப: பாட்டிக்கு இப்போது எப்படி இருக்கிறது? அந்தக் கைப்பிடியை இன்றே கழற்றுங்கள். மூடியைப் பூட்டும் பிடி அது, விளையாட்டில்லை. பேக்கலைட் இளகவே இளகாது. பெல்ஜியத்தில் பிறந்த லியோ பேக்லண்ட் 1907-ல் நியூயார்க் பக்கம் யாங்கர்ஸில் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைத்துச் செய்த பொருள். வெந்த இட்லி மறுபடி மாவாகாது, அதே கதைதான். தீயில் காட்டினால் கருகும், உருகிச் சொட்டாது. உங்களுடையது வளைகிறது என்றால் கறுப்புச் சாயம் போட்ட சாதாரணப் பிளாஸ்டிக். அவர் மறுபடி தெருவுக்கு வந்தால் 180-ஐ வாங்கிவிடுங்கள். புதுக் கைப்பிடியைக் குக்கர் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் மட்டும் போடுங்கள்.

கே: பால் புட்டி 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்'. வாங்கலாமா? (திருநெல்வேலி)

ப: பால் புட்டிக்கு இலவசம், தள்ளுபடி என்று ஆசை காட்டி விற்பதே 1992 சட்டப்படி குற்றம். சட்டத்தை மீறி விற்பவர் புட்டியை மட்டும் ஒழுங்காக வாங்கி வைத்திருப்பாரா? பாலிகார்பனேட் என்ற கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் புட்டி 2015-ல் வந்த இந்தியத் தரப்படி கூடாது, ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

கே: 'மக்கும் பை' என்று பச்சை எழுத்தில் போட்டால் நம்பலாமா? (காரைக்குடி)

ப: 'ஐஎஸ் 17088' என்ற தர எண்ணும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் இருந்தால். பச்சை எழுத்து அச்சகத்தில் கிடைக்கும்.

கே: உங்கள் பழைய பதிலைக் கடைக்காரரிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். பணம் தரவில்லை. (வேலூர்)

ப: என் பதிலை ஏன் காட்டினீர்கள்? பில்லைக் காட்டுங்கள். பில் இருக்கிறதா என்பதை இரண்டு பக்கக் கடிதத்தில் ஓரிடத்திலும் காணோம்.