மகளுக்குப் பொன்னுக்கு வீங்கி: அப்பாவும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 34. என் ஏழு வயது மகளுக்கு மூன்று நாளாகப் பொன்னுக்கு வீங்கி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லா ஊசியும் போட்டோமே, பிறகு எப்படி வந்தது? ஆண்களுக்கு வந்தால் குழந்தை பிறக்காது என்கிறார்கள். இரண்டாவது குழந்தைக்கு முயன்று வருகிறோம். நான் இப்போது ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: மகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதுவாக்கிலும் 'எம்.ஆர்.' என்று இருக்கும். அது தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்குமான ஊசி. பொன்னுக்கு வீங்கியையும் தடுப்பது 'எம்.எம்.ஆர்.' அந்த ஓர் எழுத்துதான் வித்தியாசம். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது இல்லை. 2017இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் போட்டதும் எம்.ஆர்.தான். எம்.எம்.ஆர். வேண்டுமென்றால் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். தவறு உங்களுடையது அல்ல. திட்டத்தில் இருக்கும் ஓட்டை இது; அரசு அடைத்தே ஆக வேண்டும் என்பேன்.

உங்கள் வயதுக்காரர்களில் பெரும்பாலோர் தட்டம்மை ஊசி மட்டுமே போட்டவர்கள். சிறுவயதில் தாடை வீங்கி, கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிட்டார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். அப்போதே வந்து போயிருந்தால் மறுபடி வருவது அபூர்வம்.

வரவில்லை என்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். குறைந்தது 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணை. ஒன்று மட்டும் மறைக்கக்கூடாது: வீக்கம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே குழந்தை கிருமியைப் பரப்பியிருப்பாள். ஏற்கெனவே தொற்றியிருந்தால் இப்போது போடும் ஊசி அதைத் தடுக்காது. இனி வருவதற்குத்தான் காவல். அதனால் அடுத்த 25 நாள் கவனமாக இருங்கள். தாடை வீங்கினால் ஐந்து நாள் வீட்டிலேயே இருங்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஊசி போடாத, பருவம் வந்த ஆண்களுக்கு இந்நோய் வந்தால் நூற்றில் முப்பது பேர் வரை விதைப்பை வீங்கலாம். தாடை வீங்கி ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தொடங்கும். காய்ச்சல் திரும்பவும் ஏறும், தொட முடியாத வலி இருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான். பிற்பாடு அந்த விதை சற்றுச் சுருங்கலாம், சில மாதம் விந்தணு குறையலாம். முழு மலடு மிக அரிது. படுக்கை ஓய்வு, இறுக்கமான உள்ளாடை, ஐஸ் ஒத்தடம், பாராசிட்டமால் போதும்; வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக்குக்கு இங்கே வேலையில்லை. ஆனால் தாடை வீங்காமல் திடீரென்று விதையில் கடும் வலி வந்தால் அது விதை முறுக்கமாக இருக்கலாம். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஒரு காது திடீரென்று மந்தமானாலும், கழுத்தை வளைக்க முடியாத தலைவலியோ விடாத வயிற்று வலியும் வாந்தியுமோ வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மகளுக்கும் இது பொருந்தும். அவளுக்குக் கஞ்சி, இட்லி கொடுங்கள். எலுமிச்சை, புளி வேண்டாம். புளிப்பு பட்டால் உமிழ்நீர் சுரந்து தாடை விண்ணென்று வலிக்கும்.

மனைவிக்கும் நோயோ ஊசியோ இல்லையென்றால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு போடலாம். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்த ஊசி. போட்ட பின் நான்கு வாரம் கழித்துக் குழந்தைக்கு முயலுங்கள். நீங்கள் போட்டுக்கொள்வதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.