ஒரே நிதியம், மூன்று இலாபம்: எது சரி?

கேள்வி: கல்லடியில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியை. பணிக்கொடைக் காசில் 10 இலட்சத்தை ஒரு ஆதன நிதியத்தில் போட்டேன். ஒரு வருடம் கழித்து வீட்டுக்கூரை வேலைக்கு 1 இலட்சம் எடுத்தேன். இரண்டு வருட முடிவில் எனக்கு இலாபம் 10,000 ரூபாய்தான். கத்தாரில் இருக்கும் தம்பியும் அதே நாளில்தான் தொடங்கினார். முதலில் 5 இலட்சம், மறுவருடம் 5 இலட்சம். அவருக்கு 1,70,000 இலாபம். நிதியத்தின் துண்டுப்பிரசுரத்தில் இரண்டு வருடத்துக்கு 4 வீதம் என்று இருக்கிறது. யார் கணக்கில் பிழை?

பதில்: ரீச்சர், மூன்று கணக்கும் சரி. உங்கள் தொகைகளை வைத்துப் பார்த்தால், நிதியம் முதல் வருடம் 20 வீதம் இறங்கி, மறுவருடம் 30 வீதம் ஏறியிருக்கிறது. 100 ரூபாய் 80 ஆகி, பிறகு 104 ஆனது. பிரசுரம் சொல்லும் 4 வீதம் இதுதான், வருடத்துக்கு ஏறக்குறைய 2.

உங்கள் 10 இலட்சம் 8 ஆனது. விலை அடிமட்டத்தில் கிடந்த நேரத்தில் 1 இலட்சத்துக்கு யூனிட்டுகளை, அதாவது நிதியத்தில் உங்களுக்குள்ள பங்குகளை, விற்றுவிட்டீர்கள். மீதி 7 இலட்சம் 9.1 ஆனது. விற்ற யூனிட்டுகளுக்கு அந்த 30 வீத ஏற்றம் கிடைக்கவில்லை. தம்பியோ அதே அடிமட்ட விலையில் வாங்கினார். 4 இலட்சமாகக் குறைந்திருந்ததோடு 5 சேர்ந்து 9 ஆகி, 11.7க்கு ஏறியது. காசு போன, வந்த நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு வருடத்துக்கு 0.5 வீதம், தம்பிக்கு 10.9 வீதம்.

இதை நீங்களே எக்செல்லில் பார்க்கலாம். ஒரு நிரலில் திகதி, அடுத்ததில் தொகை. போட்ட காசுக்கு முன்னால் கழித்தல் குறி. எடுத்ததும் கைக்கு வந்த பங்கிலாபமும் கூட்டலில். கடைசி வரியில் இன்றைய பெறுமதி. பிறகு, திகதிகளையும் கணக்கில் எடுத்து வருட இலாப வீதத்தைத் தரும் எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) சூத்திரம். பலர் பிழைவிடுவது இரண்டு இடங்களில். இன்றைய பெறுமதிக்கு நிதியம் உங்களிடமிருந்து திருப்பி வாங்கும் விலையைப் போட வேண்டும், உங்களுக்கு விற்கும் விலையை அல்ல. பங்கிலாபம் மீண்டும் யூனிட்டாக மாறியிருந்தால் அது ஏற்கெனவே பெறுமதிக்குள் இருக்கிறது. தனி வரியாகப் போட்டால் இரட்டிப்பாகும்.

உங்களுக்கு மொத்த இலாப வீதத்தைவிட முக்கியமானது, ஒரு யூனிட்டுக்கு வருடந்தோறும் எத்தனை சதம் கைக்கு வந்தது, அது வாடகையிலிருந்து வந்ததா என்பதுதான். இலங்கையில் 2020இல் விதிகள் வந்த ரீட் (REIT, வாடகைக் கட்டடங்களில் முதலிடும் நிதியம்) வகை, வருமானத்தில் 90 வீதத்தையாவது பகிர வேண்டும். வாடகை வருமானம் தேடுபவருக்கு அது பொருந்தும். எதை வைத்திருந்தாலும், அடுத்த இரண்டு வருடத்தில் தேவைப்படக்கூடிய காசு நிலையான வைப்பில் இருக்கட்டும். வட்டியில் 10 வீதம் வரி பிடிப்பார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால், அதைப் பிடிக்காமலிருக்க வங்கியில் சுயபிரகடனம் கொடுங்கள்.

தம்பி உழைப்பது றியாலில். 2022இல் டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 வரை போனது. றியால் டொலரோடு கட்டப்பட்டது, 3.64க்கு. ஆகவே போட்ட ஒவ்வொரு தொகையையும் கடைசிப் பெறுமதியையும் அந்தந்த நாளின் மாற்று வீதத்தில் றியாலாக்கி அதே சூத்திரத்தில் போட்டால்தான் அவருடைய உண்மையான இலாபம் தெரியும்.

மகளின் கலியாணத்துக்கு வீடு கட்டவென்று ஒதுக்கிய காசு இதில் இருந்தால், அதற்கு அளவுகோல் வேறு. நம் பக்கத்தில் கலியாணத் திகதி விலை ஏறும்வரை காத்திருக்காது. நிதியம் வைத்திருக்கும் கட்டடத்தை அறை அறையாக விற்கவும் முடியாது. நெருக்கடியில் காசு திருப்பிக் கொடுப்பது நிறுத்தப்படலாம். ஐந்து வருடத்துக்குள் வேண்டிய வீட்டுக் காசை இதில் வைக்காதீர்கள்.

“அந்தக் காசுக்குக் காணி வாங்கியிருந்தால்” என்று யாராவது சொன்னால், அவர்கள் காட்டும் விலை கேட்கும் விலையா, உறுதி முடிந்த விலையா என்று கேளுங்கள். 50 இலட்சத்துக் காணிக்கு முத்திரை வரி பொதுவாக முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்: 1,99,000 ரூபாய். நொத்தாரிசு கூலியும் வேலிச் செலவும் வேறு. அவையும் கழித்தல் குறியோடு அதே நிரலில் வர வேண்டும்.