கல் நட்டாச்சு, கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் தோட்டம். முருங்கையும் வரப்போரம் தென்னையும் இருக்கின்றன. நான்கு வழி தேசிய நெடுஞ்சாலைக்காகத் தோட்டத்தின் நடுவில் 38 சென்ட் போகிறது. எட்டு மாதத்துக்கு முன்பே பேப்பரில் 3ஏ அறிவிக்கை (நிலம் எடுக்கப் போகிறோம் என்ற முதல் அறிவிப்பு) வந்ததாம். நாங்கள் அந்தப் பேப்பர் வாங்குவதில்லை. கல் நட வந்தபோதுதான் தெரிந்தது. நிலம் எடுப்பதை உறுதி செய்கிற 3டி பிரகடனம் இன்னும் வரவில்லை. போன மாதம் ஒப்பந்தக்காரரின் ஜேசிபி வந்து இரண்டு தென்னையைச் சாய்த்துவிட்டது. கேட்டால் "மேலிடத்து அவசரம்" என்கிறார்கள். நில எடுப்பு அலுவலகத்திலிருந்து வந்தவர் ஒரு ஃபாரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். போட்டால் பணம் சீக்கிரம் வருமாம், இல்லாவிட்டால் கோர்ட்டில் கிடக்குமாம். பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. வாரிசுகள் அம்மா, அக்கா, நான். மச்சான் ஸ்டே வாங்கிவிடலாம் என்கிறார். ஆழ்துளைக் கிணற்றுப் போர் மேற்கே, முருங்கை கிழக்கே என்று தோட்டம் பிரிகிறது. என்ன செய்வது ஐயா?

பதில்: முதலில் அந்த ஃபாரத்தை ஓரமாக வையுங்கள். ஒரு நகல் மட்டும் கேட்டு வாங்குங்கள். நகல் தர மாட்டேன் என்றால் அதில் உங்கள் கையெழுத்து விழவே கூடாது.

அவசரம் அவர்களுக்கு உண்மையிலேயே இருக்கிறது, பொய்யில்லை. சாலை நீளத்தில் 80, 90 சதவீத நிலம் கைக்கு வராமல் ஒப்பந்தக்காரருக்கு வேலை தொடங்கும் தேதியைக் கொடுக்க முடியாது. அதைவிட முக்கியமான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 1956-ம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி, 3ஏ வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் 3டி பிரகடனம் வந்தாக வேண்டும். வராவிட்டால் 3ஏ செல்லாமல் போய்விடும். (இடையில் நீதிமன்றத் தடை இருந்தால் அந்த நாட்கள் கணக்கில் வராது.) எட்டு மாதம் ஓடிவிட்டது, மிச்சம் நான்கு மாதம். உங்களைத் துரத்துகிற கெடு உண்மையில் அவர்கள் தலைக்கு மேல் தொங்குவது. உங்கள் கையெழுத்து இல்லாமலேயே அவர்களால் 3டி கொண்டுவர முடியும். அப்புறம் எதற்குக் கையெழுத்து? பெரும்பாலும் விலைக்கு. இந்தத் தொகை எனக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பிற்பாடு கூடுதல் கேட்கிற வழியை நீங்களே மூடிவிடுகிறீர்கள்.

ஸ்டே விஷயம். மச்சான் மேல் எனக்குக் கோபமில்லை, பத்து வருஷத்துக்கு முன்பு நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். 2018-ல் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். சாலை, பாலம் போன்ற உள்கட்டமைப்புத் திட்டத்தின் முன்னேற்றத்தைத் தாமதப்படுத்தும் என்றால் சிவில் நீதிமன்றம் உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) தரக் கூடாது என்று 41-ம் பிரிவில் புது உட்பிரிவே சேர்ந்திருக்கிறது. முன்சீஃப் கோர்ட்டில் வழக்குப் போட்டால் ஃபீஸ்தான் மிச்சம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசின் செயலை எதிர்த்து ரிட் மனு போடத் தடையில்லை. ஆனால் "சாலையே வேண்டாம்" என்று போனால் நிற்காது. சேலம் எட்டு வழிச் சாலை நினைவிருக்கும். 2019 ஏப்ரலில் அதன் நில எடுப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை, சுற்றுச்சூழல் அனுமதி கிடைக்கும் முன்பே 3ஏ வெளியிடலாம் என்று சொல்லி 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாற்றிவிட்டது.

அதே தீர்ப்பில் பலரும் கவனிக்காத இன்னொரு பாதி உண்டு. 3டி வருவதற்கு முன்பே வருவாய்க் கணக்கில் நில உடமையாளர் பெயரை எடுத்துவிட்டு அரசு பெயரை ஏற்றியிருந்தார்கள். அது செல்லாது, பழையபடி மாற்றிக் கொடு என்ற உத்தரவை உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. சாலை போடு, ஆனால் படியைத் தாண்டாதே என்பதுதான் சாரம். உங்கள் வழக்குக்கு வலு இருக்கிற இடமும் அதுதான். ஒருமுறை தாலுகா அலுவலகத்தில் சிட்டா எடுத்துப் பாருங்கள், அப்பா பெயர் அங்கேயே இருக்கிறதா என்று.

தென்னை விஷயமும் இதே ரகம். 3ஏ வந்ததும் நிலத்துக்குள் வரலாம், அளக்கலாம், மண்ணைத் துளைத்துப் பரிசோதிக்கலாம், கல் நடலாம். 3பி பிரிவு அவ்வளவுக்கு இடம் கொடுக்கிறது. காய்க்கிற மரத்தைச் சாய்க்க இடம் கொடுக்கவில்லை. நிலம் மத்திய அரசுக்குப் போவது 3டி அரசிதழில் வந்த பிறகுதான். அப்போதும் சுவாதீனம் தானாகப் போகாது. இழப்பீடு நிர்ணயித்து, அந்தப் பணத்தைக் கட்டி, 3இ பிரிவில் உங்களுக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, 60 நாள் அவகாசம் தர வேண்டும். அதன் பிறகே ஜேசிபி. சாய்ந்த மரங்களைத் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து, நில எடுப்புக்குப் பொறுப்பான மாவட்ட வருவாய் அலுவலருக்கும் திட்ட இயக்குநருக்கும் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். மறுபடியும் வண்டி வந்தால், அந்தப் புகார் நகலோடு போடுகிற ரிட்டுக்கு மரியாதை உண்டு.

ஆட்சேபணை தெரிவிக்க 3சி தருகிற 21 நாள் உங்களுக்குப் போய்விட்டது. அதற்காக அழ வேண்டாம், அந்த விசாரணையில் பாதை மாறியதை என் அனுபவத்தில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இனி சண்டை விலையில்தான்.

விலையை இப்படிக் கணக்குப் போடுவார்கள். 2015 முதல் தேசிய நெடுஞ்சாலை நிலத்துக்கும் 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைதான் அளவுகோல். 3ஏ தேதிக்கு முந்தைய மூன்று வருஷத்தில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயப் பத்திரங்களை எடுத்து, அதில் விலை கூடிய பாதியின் சராசரியைப் பார்ப்பார்கள். பத்துப் பத்திரம் என்றால் மேலே உள்ள ஐந்து. அதையும் வழிகாட்டி மதிப்பையும் ஒப்பிட்டு எது அதிகமோ அது. ஒரு பேச்சுக்குச் சென்ட் 20,000 என்று வையுங்கள். 38 சென்ட்டுக்கு 7,60,000. கிராமப்புறத்துக்கு ஒன்று முதல் இரண்டுக்குள் ஒரு பெருக்கல் காரணி உண்டு, 1.25 என்று வைத்தால் 9,50,000. மரம், கட்டடம் போன்றவை ஒன்றரை லட்சம் என்றால் 11 லட்சம். இதற்குச் சமமாக 100 சதவீதம் ஆறுதல் தொகை சேர்ந்து 22 லட்சம். 3ஏ தேதியிலிருந்து தீர்வம் (இழப்பீட்டை நிர்ணயிக்கும் உத்தரவு) வரும் வரை நில மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் தனி. அவர் நீட்டுகிற தாளில் இந்த ஒவ்வொரு வரியும் இருக்கிறதா பாருங்கள். மொத்தத் தொகை மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இதில் ஒரு வேதனையும் உண்டு. முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க ஊரில் எல்லோரும் பத்திரத்தில் விலையைக் குறைத்துத்தான் போடுகிறோம். அந்தப் பொய்தான் இப்போது சராசரியாகத் திரும்பி வருகிறது. அதனால் விலை உள்ளபடி எழுதிய பத்திரங்களைத் தேடிப் பிடிப்பது உங்கள் வேலை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, நகல்களை இப்போதே எடுத்து வையுங்கள்.

பணம் வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று வீம்பு பண்ண வேண்டாம். "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்திடுங்கள். பிறகு 3ஜி(5)-ன் கீழ் நடுவரிடம் மனு. நம் மாநிலத்தில் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே நடுவர். அங்கே கூடுதல் கிடைத்தால், கூடுதல் தொகைக்கு ஆண்டுக்கு 9 சதவீத வட்டியும் சட்டத்திலேயே உண்டு. அதற்கு மேல் மாவட்ட நீதிமன்றம் போகலாம். தீர்ப்பு கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. ஆனால் அங்கே விலையை ஏற்றிவிடலாம் என்று நம்பியிருக்காதீர்கள். நடுவர் தீர்ப்பை ரத்து செய்யலாம், திருத்தி எழுத முடியாது என்று 2021-ல் தமிழ்நாட்டு நெடுஞ்சாலை வழக்குகளிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரலில் அரசியல் சாசன அமர்வு கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது, கொஞ்சம்தான். ஆகவே சாட்சியம் முழுவதையும் ஆட்சியர் முன்பே கொட்டிவிட வேண்டும். வருமான வரி என்று பிடித்தம் செய்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த இழப்பீட்டுக்கு வரி இல்லை. 2016-ல் நேரடி வரிகள் வாரியமே சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

"கோர்ட்டில் கிடக்கும்" என்று அவர் சொன்னாரே, அதில் உண்மை இருப்பது ஒரே இடத்தில்: உங்கள் பட்டா. பணம் யாருக்கு என்பதில் தகராறு வந்தால் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பச் சட்டம் சொல்கிறது. போனால் வருஷக்கணக்கு. ஜேசிபி அவசரத்தை விட இந்த அவசரம் உங்களுக்குப் பெரிது. வாரிசுச் சான்றுக்கு இந்த வாரமே விண்ணப்பித்து, மூவர் பெயரிலும் பட்டா மாற்றுங்கள். அக்காவிடம் உட்கார்ந்து பேசுங்கள். கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு என்ற பேச்சு சட்டத்தில் எடுபடாது. அவருக்கும் சம பங்கு. மூவரும் தனித்தனி வங்கிக் கணக்கு விவரம் கொடுத்துவிட்டால் பணம் நேராக இறங்கும்.

கடைசியாக அந்தப் போர். நிலத்தைத் துண்டாக்குவதால் மிச்ச நிலத்துக்கு வருகிற நஷ்டத்தையும் 3ஜி(7) கணக்கில் எடுக்கச் சொல்கிறது, அதைத் தனித் தலைப்பில் கேளுங்கள். கிழக்கே புதுப் போர் போட்டால் என்ன ஆகும் என்று ரிக் வண்டிக்காரரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். ஆனால் பணத்தை விடக் குழாய்தான் உங்களுக்கு வேண்டியது. சாலைக்கு அடியில் தண்ணீர் கொண்டுபோக ஒரு குழாய்ப் பாதை விடச் சொல்லி, புலப்படத்தில் போரையும் தோட்டத்தையும் சிவப்பு மையில் குறித்து, திட்ட இயக்குநருக்கு இப்போதே மனுக் கொடுங்கள். மண் கொட்டுவதற்கு முன் என்றால் அது நாலு குழாய் புதைக்கிற வேலை. தார் விழுந்த பிறகு கேட்டால் சாலையை வெட்ட அனுமதி வாங்க நீங்கள்தான் அலைய வேண்டும். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.