முகத்தில் மங்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சில இதழ்களுக்கு முன்னால், முகத்தில் கறுப்புத் திட்டாக விழும் மங்கு பற்றி ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை அதே விஷயம்தான். சிலர் முகத்தைப் போட்டோ எடுத்தும் அனுப்பியிருக்கிறீர்கள். போட்டோவைப் பார்த்து மருந்து சொல்ல எனக்கு மனம் ஒப்பாது. ஆனால் கேள்விகள் ஒன்றுபோலவே இருப்பதால், ஆறு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த முறை விவரமாக எழுதுகிறேன். திருநெல்வேலியில் இருபத்தாறு வருடமாகத் தோல் நோய் பார்க்கிறேன். இரண்டாவது பிரசவத்தின்போது எனக்கும் கன்னத்தில் மங்கு விழுந்தது. கண்ணாடி முன்னால் நிற்கும்போது உங்களுக்கு என்ன தோன்றும் என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு 34 வயது. இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது இரண்டு கன்னத்திலும் மங்கு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லி மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப் வாங்கிப் போட்டேன். பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது. இரண்டு வருடமாக அதையேதான் போடுகிறேன். இப்போது அடுப்பு முன்னால் நின்றாலே முகம் சிவந்து எரிகிறது. தாடையோரம் முடி வளர்கிறது. இரண்டு நாள் நிறுத்தினால் முன்பைவிடக் கறுப்பாகிறது. கல்லீரல் கெட்டிருக்கும் என்கிறார் மாமியார்.
— வாசகி, ஆலங்குளம்

முதலில் மாமியாரிடம் சொல்லுங்கள், உங்கள் கல்லீரலுக்கும் இந்த மங்குக்கும் சம்பந்தம் இல்லை. கர்ப்பப்பைக் கோளாறு என்றும் சிலர் சொல்வார்கள், அதுவும் இல்லை. தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைத் தயாரிக்கும் செல்கள் சிலருக்குப் பிறவியிலேயே கொஞ்சம் அதிகமாகத் துடிக்கும். அம்மாவுக்கோ சித்திக்கோ மங்கு இருந்திருக்கும், விசாரித்துப் பாருங்கள். அதன் மேல் கர்ப்பகால ஹார்மோனும் வெயிலும் சேரும்போது கன்னம், நெற்றி, மேலுதடு, மூக்குத் தண்டு என்று திட்டுத் திட்டாக விழுகிறது. பலருக்குப் பிரசவமாகிச் சில மாதங்களில் தானாகவே மங்கிவிடும். சிலருக்குத் தங்கிவிடும்.

இப்போது உங்கள் முகத்தில் இருக்கும் எரிச்சல், சிவப்பு, முடி மூன்றும் மங்கினால் வந்தவை அல்ல. அந்த டியூபால் வந்தவை. அதில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் கலந்திருக்கும்: நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், தோலைப் புதுப்பிக்கும் ட்ரெட்டினாயின், அழற்சியை அடக்கும் ஒரு ஸ்டீராய்டு. 1975-ல் க்ளிக்மேன், வில்லிஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இந்தக் கூட்டு மருந்தைப் பற்றி எழுதினார்கள். நல்ல மருந்துதான், நானும் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் இரவில் மட்டும், திட்டின் மேல் மட்டும், எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை மட்டும். நம் ஊரில் கிடைக்கும் சில டியூப்களில் முகத்துக்கு ஆகாத அளவுக்கு வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. பத்து நாளில் வருகிற பளபளப்புக்கு அதுவும் ஒரு காரணம். மாதக்கணக்கில் போட்டால் அதே ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். ரத்தக் குழாய்கள் சிவப்பு நூல்போல வெளியே தெரியும், பரு வரும், முடி முளைக்கும். நிறுத்தினால் முகம் பற்றி எரியும். எரிச்சல் பொறுக்காமல் திரும்பவும் போடுவோம். இப்படித்தான் இரண்டு வருடம் ஓடுகிறது.

என்னிடம் வருகிறவர்களிடம், வீட்டில் முகத்துக்குப் போடுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வேன். முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றுகிற ஒரு அம்மா வந்தார். மஞ்சள் பைக்குள் ஒரே ஒரு டியூப். கடைசி வரைக்கும் பிதுக்கி, வாலைச் சுருட்டி, நுனியைக் கத்தரியால் வெட்டித் திறந்து உள்ளே விரல் விட்டு வழித்திருந்தார். ஒரு வாரக் கூலியில் ஒரு பங்கு அந்த டியூபுக்குப் போகிறது என்றார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மங்கே தெரியாத அளவுக்குக் கன்னம் முழுக்கச் சிவப்பு வலை. "மெடிக்கல்ல நல்ல க்ரீம்னு சொல்லித்தானே குடுத்தாங்க" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பதில் வராததற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு இளம்பெண்ணுக்கு இந்த வகை டியூபை எழுதிக் கொடுத்து, எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். சீட்டில் தேதியும் எழுதவில்லை. ஒன்றரை வருடம் கழித்து அதே சீட்டை, மடித்த இடமெல்லாம் கிழிந்த நிலையில், கையில் வைத்துக்கொண்டு வந்தாள். சீட்டைக் காட்டிக் காட்டி வாங்கியிருக்கிறாள். அவள் முகம் தேற ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அன்றிலிருந்து டியூப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் நிறுத்தும் தேதியை எழுதுகிறேன். உங்கள் டாக்டர் எழுதாவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

சரி, இனி என்ன செய்வது? டியூபை நீங்களாகத் திடீரென்று தூக்கிப் போடாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். படிப்படியாகக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று முகத்தைப் பார்த்து அவர் சொல்வார். நிறுத்திய முதல் சில வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், தயாராக இருங்கள். வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர், குளிர்ந்த தண்ணீரில் நனைத்த மெல்லிய துணி, இவை போதும். பார்லர், ஃபேசியல், ப்ளீச் எதுவும் வேண்டாம். இந்த எரிச்சல் அடங்கிய பிறகுதான் மங்குக்கு மருந்து.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. டியூபில் மருந்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூட்டிகாசோன் என்று 'சோன்', 'சால்' சத்தம் கேட்டால் ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. அப்படியும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

நான் ஆண், 41 வயது. மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி, நாள் முழுக்க பைக்கில்தான். நெற்றியிலும் கன்ன எலும்பின் மேலும் கருந்திட்டு. இது பெண்களுக்குத்தானே வரும்? சன்ஸ்கிரீன் போட்டால் வீட்டில் சிரிக்கிறார்கள்.
— வாசகர், கோவை

ஆண்களுக்கும் வரும். பெண்களை விடக் குறைவு, அவ்வளவுதான். வெயிலில் தொழில் பார்ப்பவர்களிடம் நிறையப் பார்க்கிறேன்: கட்டட மேஸ்திரி, ஆட்டோ ஓட்டுநர், உங்களைப் போன்றவர்கள். வீட்டில் சிரிக்கட்டும். உங்களுக்கு முதல் மருந்தே சன்ஸ்கிரீன்தான். அது இல்லாமல் நான் எந்த க்ரீம் எழுதினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

எல்லோரும் செய்கிற தவறு அளவில்தான். பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தேய்த்துவிட்டு, வேலை செய்யவில்லை என்பார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனி வரை ஒவ்வொரு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். வெயிலைத் தடுக்கும் திறனைச் சொல்லும் எஸ்.பி.எஃப். எண் 30-க்குக் குறையக் கூடாது. கிளம்பக் கால்மணி நேரத்துக்கு முன் ஒரு முறை, அப்புறம் வெளியில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. வியர்வையில் வழிந்துவிடும் என்பதால்தான் இந்தக் கணக்கு.

இன்னொன்று. மங்கைக் கறுக்க வைப்பது புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற சூரிய வெளிச்சமும்தான். வெள்ளையாகவோ நிறமே இல்லாமலோ இருக்கிற சாதாரண சன்ஸ்கிரீன் இந்த வெளிச்சத்தை அவ்வளவாகத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்திலேயே இருக்கும் வகை தடுக்கும். முகத்தில் பூசியதும் தெரியாது, வீட்டிலும் சிரிக்க மாட்டார்கள். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கியே ஓட்டுங்கள். டீக்கடையில் நிற்கும்போது நிழல் பக்கமாக நில்லுங்கள். மீதி மருந்தை உங்கள் ஊர் தோல் மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

என் மகள் ஏழு மாத கர்ப்பிணி. முகமெல்லாம் மங்கு. ஜாதிக்காய் உரைத்துப் போடலாமா? எலுமிச்சைச் சாறு? க்ரீம் ஏதாவது சொல்லுங்கள்.
— வாசகி, தேனி

எனக்கு மங்கு வந்தபோது என் அம்மாவும் உரைகல்லை எடுத்து வைத்து, ஜாதிக்காயைப் பசும்பால் விட்டு உரைத்தார். அந்த மணம் இப்போதும் நினைவில் இருக்கிறது. பாசத்துக்காக இரண்டு நாள் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் கன்னம் திகுதிகுவென்று எரிந்தது, அம்மாவே நிறுத்தச் சொல்லிவிட்டார். சிலருக்கு ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். ஆனால் நம் நிறத் தோலில் எரிச்சல் வந்து போன இடமெல்லாம் கறுப்பாகும். மங்கு உள்ள முகத்தில் அது இரட்டை நஷ்டம். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, மாதக்கணக்கில் போகாத தழும்புக் கறுப்பு விழும். பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பதும் அப்படித்தான், தேய்க்கத் தேய்க்கக் கறுக்கும். பயத்தம் மாவை மெதுவாகப் பூசிக் கழுவினால் கெடுதல் இல்லை.

கர்ப்ப காலத்தில் ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் கூடாது. குடையும் சன்ஸ்கிரீனும் போதும். அவசியம் என்றால் அஸெலாயிக் ஆசிட் என்ற க்ரீமை டாக்டரைக் கேட்டுப் போடலாம், அது கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானது. பிள்ளை பிறந்து சில மாதம் பொறுத்துப் பாருங்கள். சீமந்தத்துக்கு வருகிறவர்கள் "என்ன, முகம் இப்படி ஆயிடுச்சு" என்று கேட்பார்கள். அவள் காதில் விழாமல் நீங்கள் பார்த்துக்கொண்டால் அதுவே பெரிய உதவி.

வயது 48. நெற்றியோரமும் பொட்டுப் பகுதியும் கறுத்துக்கொண்டே போகிறது. ஒரு வருடமாக மங்கு க்ரீம் போட்டும் பலன் இல்லை.
— வாசகி, சேலம்

மங்காகவே இல்லாமல் இருக்கலாம். என் முதல் கேள்வி, தலைக்கு டை அடிக்கிறீர்களா? டையில் உள்ள பாரா ஃபினைலீன் டையமின் என்ற பொருள் சிலருக்கு அரிப்பே இல்லாமல் மெல்ல மெல்ல ஒவ்வாமையாகி, முடியோரத்தைச் சாம்பல் கலந்த கறுப்பாக்கிவிடும். உடனடியாகக் கறுப்பேற்றும் பாக்கெட் மருதாணிப் பொடியிலும் இது கலந்திருக்கும். சுத்தமான மருதாணி முடியைக் கறுப்பாக்காது, சிவப்பாக்கும். அதை வைத்தே அடையாளம் காணலாம். டையை நிறுத்தாமல் எந்த க்ரீமும் கேட்காது.

டை இல்லையென்றால் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். வெல்வெட் துணிபோலத் தடிப்பாக இருக்கிறதா, கழுத்தின் பின்புறமும் கறுத்திருக்கிறதா? அது உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை இரண்டும் பாருங்கள். எடை குறையக் குறைய அந்தக் கறுப்பும் குறையும்.

லேசர் ஆறு சிட்டிங்கில் மங்கு நிரந்தரமாகப் போய்விடும் என்று ஒரு கிளினிக்கில் முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
— வாசகி, சென்னை

கட்டாதீர்கள். மங்கை அடக்கி வைக்கலாம், நிரந்தரமாகப் போக்குகிறேன் என்று சொல்ல யாராலும் முடியாது. மாசி வரைக்கும் மங்கிக் கிடந்தது பங்குனி, சித்திரை வெயிலில் திரும்ப எட்டிப் பார்க்கும். லேசரும், மருந்து பூசித் தோலை உரிக்கும் கெமிக்கல் பீலும் க்ரீமுக்கு அடங்காதபோது, அனுபவமுள்ளவர் கையில், கடைசியாக யோசிக்க வேண்டியவை. நம் நிறத்துக்குச் சூடு கொஞ்சம் கூடினாலும் மங்கு முன்பைவிடக் கருமையாகும்.

மங்குக்கு டிரானெக்ஸாமிக் ஆசிட் 250 மாத்திரை காலையும் இரவும் எழுதியிருக்கிறார் டாக்டர். மெடிக்கலில் "இது அதிக உதிரப்போக்குக்குக் கொடுப்பதாச்சே" என்றார்கள். பயமாக இருக்கிறது. கருத்தடை மாத்திரை மூன்று வருடமாகச் சாப்பிடுகிறேன், வேறு மருந்து எதுவும் இல்லை. வயது 36.
— வாசகி, நாகர்கோவில்

மெடிக்கல்காரர் சொன்னது சரி, டாக்டர் எழுதியதும் தவறில்லை. ரத்தப்போக்கை நிறுத்தும் மாத்திரைதான் அது. 1979-ல் ஜப்பானில் தோல் தடிப்பு நோய்க்கு இதைக் கொடுத்தபோது, அந்த நோயாளியின் மங்கு குறைந்ததைக் கவனித்தார்கள். அப்படி வந்த வைத்தியம். க்ரீமுக்கு அசையாத மங்குக்குச் சில மாதம் கொடுக்கிறோம், பலருக்கு நன்றாகவே கேட்கிறது.

ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், கருத்தடை மாத்திரை என்று. அதை டாக்டரிடம் சொன்னீர்களா? "வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால் நம் பெண்கள் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். டிரானெக்ஸாமிக் ஆசிடோ உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கிற மருந்து. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. போதாக்குறைக்கு, உங்கள் மங்குக்கே அந்தக் கருத்தடை மாத்திரை காரணமாக இருக்கலாம்.

டிரானெக்ஸாமிக் மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு, எழுதிக் கொடுத்த டாக்டருக்குப் போன் செய்து இந்த விஷயத்தைச் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். காப்பர்-டி போல ஹார்மோன் இல்லாத வழிக்கு மாறலாமா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தக்கட்டியோ இளவயதில் பக்கவாதமோ வந்திருந்தால் அதையும் இருவரிடமும் சொல்லுங்கள். இதற்கிடையில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அடுத்த நாள்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், இரண்டு மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.