சீவியில் அப்பாவின் தொழில்

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைத் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார்: பேராதனையில் பட்டம் முடித்து இப்போது இங்கிலாந்தின் லீட்ஸில் மாஸ்டர்ஸ் செய்கிறாராம். பல்கலைக்கழக ஆய்வு உதவியாளர் வேலைக்கும் வெளி வேலைக்கும் ஒரே சீவியை (CV, வேலைக்கு அனுப்பும் தன்விபரக் குறிப்பு) அனுப்பலாமா, குளிருக்கு எந்தக் கோட் நல்லது, அறை வாடகை எவ்வளவு வரும்?

தங்கச்சி, கோட்டையும் வாடகையையும் கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் கேளுங்கள். சீவியில் நான் அடிபட்டவன், அதைச் சொல்கிறேன்.

ஒரே சீவி சரிவராது. வெளி வேலைக்கு இரண்டு பக்கத்தோடு நிறுத்துங்கள். பல்கலைக்கழகத்துக்கு நீளலாம்: ஆய்வேடு, செய்த முறை, கட்டுரை, மாநாட்டில் வாசித்தது, பாடம் எடுத்தது எல்லாம் வரட்டும். விளம்பரத்தோடு கட்டாயத் தகுதி, இருந்தால் நல்லது என்று ஒரு பட்டியல் இருக்கும். கட்டாயமானது ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்த ஒன்றைக் காட்டுங்கள். பார்க்கிறவர் அந்தப் பட்டியலை வைத்துத்தான் சரி போடுவார், அவரைத் தேட வைக்காதீர்கள். சாதாரண தரத்து ஒன்பது பாடத்துக்கும் அட்டவணை வேண்டாம்.

அப்புறம், நம்மூர் பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். நான் வந்தேன். ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷனில், அதுதான் போன், போட்டோகொப்பிக் கடையில், டைப் அடித்தது. மேலே, ஸ்டூடியோக்காரரின் டையைக் கட்டி எடுத்த படம். அடையாள அட்டை இலக்கம், சமயம், விவாகமாகாதவர், அப்பாவின் தொழில். கீழே 'மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மையென' என்று தொடங்கிக் கையெழுத்து. என்னைப் பற்றிச் சான்று சொல்ல, உறவினரல்லாத இருவராகத் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளையும் ஒரு சமாதான நீதவானும். நாற்பது இடத்துக்கு அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை.

நூலகத்தில் உதவிக்கு இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா பென்சிலை எடுத்தார். வயது, மதம், கல்யாணம் பார்த்து ஆளை ஒதுக்குவதை இந்த நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் தடுக்கிறது, அதனால் அந்த விபரமே வேண்டாம் என்று வெட்டிக்கொண்டே போனார். அரைப் பக்கம்கூட மிஞ்சவில்லை. "சரி, நீ என்ன செய்தாய்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். நோண்டி நோண்டிக் கேட்டதில், தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் மூன்று வருஷம் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தது வெளியே வந்தது. எத்தனை பேர்? இருபத்துமூன்று. பாஸானது? பத்தொன்பது. அதை முதல் பக்கத்தில் போடச் சொன்னார். காசு வாங்காமல் செய்ததை நாம் வேலையில் சேர்ப்பதே இல்லை.

காசுக்குச் சீவி செய்து தரும் நம்மாட்களிடம் மட்டும் போகாதீர்கள். இல்லாத கம்பனியில் இரண்டு வருஷ அனுபவம் போட்டுத் தருவார்கள். என் அறையில் இருந்தவர் அப்படி வேலை எடுத்தார். மூன்றாம் வாரம் ரெஃபரன்ஸ் விசாரித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். இன்னும் சிலர், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் பெயரை எடு, கண்டி என்று போடு என்பார்கள். இங்குள்ளவனுக்கு மஸ்கெலியாவும் தெரியாது, கண்டியும் தெரியாது. யாருக்கு ஒளிக்கிறோம்?

ஆனால் நானும் ஒளித்தவன்தான். அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதியிருந்தேன். அவர் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். அந்த அம்மா அந்த வரியை வெட்டியபோது அப்பாடா என்றிருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது, அப்படி இருந்ததற்கே வெட்கமாகிவிட்டது.

இருக்கட்டும். உங்கள் சீவியை அனுப்புங்கள், பார்க்கிறேன். படத்தை எடுத்துவிட்டு.