பழைய ஸ்டாக் டிக்கர் மிஷின் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்டாக் டிக்கர் என்பது பங்கு விலைகளைத் தந்தி லைன் வழியாக வாங்கிக் காகித டேப்பில் அச்சடித்த மிஷின். அதன் கண்ணாடி மூடியைக் கடைசியாகப் பாருங்கள். எல்லாரும் அதில்தான் மயங்குகிறார்கள், ஆனால் அது உடைந்தாலும் புதிதாகச் செய்தது கிடைக்கும். நியூ ஜெர்சியில் இருப்பதால் இந்த மிஷின்கள் அவ்வப்போது என் கண்ணில் படும், நான் முதலில் பார்ப்பது எழுத்துச் சக்கரங்களை. எடிசனின் யுனிவர்சல் மாடலில் இரண்டு சக்கரம் உண்டு: ஒன்றில் கம்பெனிப் பெயருக்கான எழுத்துகள், இன்னொன்றில் விலைக்கான எண்களும் பின்னங்களும் (அன்றைக்கு விலை டாலரில் எட்டில் ஒரு பங்காக ஏறி இறங்கும்). எழுத்து மழுங்கியிருந்தால் அதே சக்கரம் இன்னொன்று தேடிப் பிடிப்பது லேசான வேலை இல்லை.

அடுத்தது முக்கியம். 1867இல் எட்வர்ட் கலஹன் செய்த முதல் டிக்கரில், லைனில் இருக்கும் ஒரு மிஷின் ஒரே ஒரு எழுத்து பின்தங்கினாலும் அதற்கப்புறம் அச்சாவதெல்லாம் உளறல்தான், ஆள் நேரில் போய்த்தான் சரிசெய்ய வேண்டும். எடிசன் சக்கரத்தின் தண்டில் ஒரு திருகு வைத்தார். அச்சடிக்காமல் சில சுற்று சுற்றவிட்டால் முளை ஒன்று தடையில் முட்டி நிற்கும், லைனில் உள்ள எல்லா மிஷினும் ஒரே எழுத்துக்கு வந்து சேர்ந்துவிடும். எனக்கு அந்த மிஷினிலேயே பிடித்த இடம் இதுதான். 'எல்லாம் ஓடும் சார்' என்று விற்பவர் சொன்னால் இதை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். எடிசன் பெயர்த்தகடு மட்டும் போதாது, அலங்காரத்துக்காகச் செய்த நகல்கள் நிறையச் சுற்றுகின்றன.

அசல் யுனிவர்சலுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். அவ்வளவு முடியாதென்றால் வெஸ்டர்ன் யூனியன் என்ற தந்தி கம்பெனியின் 5-ஏ மாடலைப் பாருங்கள். 1929 பங்குச் சந்தைச் சரிவின்போது புரோக்கர் ஆபீஸ்களில் ஓடியது அந்தத் தலைமுறைதான். நிமிடத்துக்கு 285 எழுத்து வேகம் போதாமல், அக்டோபர் 29 அன்று சந்தை மூன்று மணிக்கு மூடிய பிறகும் டேப் இரவு 7:45 வரை ஓடிக்கொண்டிருந்தது. மறு வருஷமே நிமிடத்துக்கு 500 எழுத்து அடிக்கும் மிஷின் வந்துவிட்டது.

சரி, வாங்கியாயிற்று, சிக்னல் எங்கிருந்து வரும்? லைன் எப்போதோ போய்விட்டது. ஒரு ஆர்டுயினோவும் (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன சர்க்யூட் போர்டு) மிஷினின் மின்காந்தக் காயிலுக்கு ஏற்ற பவர் சப்ளையும் இருந்தால் மின்துடிப்புகளை நீங்களே அனுப்பலாம். முதலில் குறைந்த வோல்டேஜில் ஆரம்பியுங்கள், பழைய காயில் எரிந்தால் திரும்பச் சுற்றுவது பெரிய வேலை. முக்கால் அங்குல டேப் கிடைக்காவிட்டால் காகிதச் சுருளை அந்த அகலத்துக்கு வெட்டிக்கொள்ளலாம்.