அண்டா எத்தனை, கரண்டி எத்தனை?

கேள்வி: 2025-இல் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். அரியர் கிடையாது. பத்து மாதமாக வேளச்சேரியில் பி.ஜி.யில் தங்கி சாஃப்ட்வேர் வேலை தேடுகிறேன். ஏழு இன்டர்வியூ ஆகிவிட்டது. ஆப்டிட்யூட் ரவுண்டைத் தாண்டிவிடுவேன். டெக்னிக்கல் ரவுண்டில் ஃபைனல் இயர் புராஜெக்ட் பற்றிக் கேட்டதும் வாயடைத்துப் போகிறேன் (அது நாலு பேர் சேர்ந்து புராஜெக்ட் செய்து விற்கிற சென்டரில் வாங்கியது, எல்லோரும் செய்வதுதான்). தமிழ் மீடியத்தில் படித்ததால் இங்கிலீஷ்தான் பிரச்சினை. ஒரு கன்சல்டன்சியில் 2 வருட அனுபவச் சான்றிதழ் கொடுத்து வேலையும் வாங்கித் தர ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். அப்பா அருப்புக்கோட்டையில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பணம் கட்டவா, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரவா?
— பெயர் வேண்டாம், சென்னை.

பதில்: தம்பி, கடிதம் முழுக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். நான் அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இங்கிலீஷ் என்கிறீர்கள். சரி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த புராஜெக்ட்டைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். தகவல் டேட்டாபேஸில் எந்த டேபிளில் (அட்டவணையில்) போய் உட்காருகிறது? அதை ஏன் அப்படிப் பிரித்தீர்கள்? ஒரே சமயத்தில் இரண்டு பேர் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்? தமிழிலும் வாயடைத்துப் போகும். ஸ்போக்கன் இங்கிலீஷில் சேர்ந்தால், 'தெரியாது' என்பதை இலக்கணப் பிழையில்லாமல் சொல்லக் கற்றுக்கொள்வீர்கள், அவ்வளவுதான்.

'எல்லோரும் செய்வதுதான்.' ஆமாம், செய்கிறார்கள். அவர்களும் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் எட்டாவது செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு 10 கிரெடிட். மூன்று தியரி பேப்பரைவிட அதிகம். நாலு வருஷத்தில் நீங்களாக ஒன்றைக் கட்டிப் பார்க்கக் கிடைத்த ஒரே இடத்தைக் காசு கொடுத்துத் தாண்டியிருக்கிறீர்கள். அந்தக் காசையும் அப்பாவிடம் 'புராஜெக்ட் செலவு' என்றுதானே வாங்கினீர்கள்? பையன் ஏதோ செய்கிறான் என்று அவர் நினைத்திருப்பார்.

புராஜெக்ட்டை வாங்கிய கை இப்போது அனுபவத்தை வாங்க நீள்கிறது. அனுபவம் உள்ளவர் என்றால் கம்பெனியில் யுஏஎன் எண் (ஒருவரின் பி.எஃப். கணக்குகளுக்கெல்லாம் பொதுவான எண்) கேட்பார்கள். எந்தக் கம்பெனி எந்த மாதம் பி.எஃப். கட்டியது என்பது அதில் இருக்கும். உங்களுக்கு என்ன இருக்கும்? சேர்ந்து மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்தாலும் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒன்றரை லட்சக் கடன் மட்டும் அருப்புக்கோட்டையில் வட்டி போட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வாடகைப் பாத்திரக் கடை எனக்குத் தெரிந்த இடம். என் சித்தப்பா வைத்திருந்தார். முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் வாசலில் வண்டி வந்து நிற்கும். நோட்டில் எழுதுவார்: பெரிய அண்டா 4, சாம்பார் வாளி 20, கரண்டி 36, ஜமுக்காளம் 12. திரும்பி வரும்போது கரண்டி 34 இருக்கும். ஓர் அண்டாவில் ஒடுக்கு விழுந்திருக்கும். 'எடுக்கும்போதே இருந்ததுங்க' என்பார் பெண் வீட்டுக்காரர். கரண்டிக் காம்பில் கடைப் பெயர் வெட்டியிருக்கும். எங்கள் சித்தி ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத்தான் எண்ணுவார். சமையல்காரர் கரண்டி கலந்து வந்துவிடுமே!

இதைவிடவா நல்ல புராஜெக்ட் சென்டரில் கிடைக்கும்? கடையில் 300 நாற்காலி. ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டார் ஆளுக்கு 200 கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் 'இருக்கிறது' என்று காட்டினால் மண்டபத்தில் சண்டைதான். டேட்டாபேஸ் பேப்பரில் டிரான்ஸாக்‌ஷன், லாக் என்று மனப்பாடம் செய்தீர்களே, அது இதற்குத்தான்: ஒருவர் பதிந்து முடிக்கும்வரை அடுத்தவர் அதே நாற்காலியைத் தொடாமல் பூட்டி வைக்க. கையிருப்பு என்று ஒரே எண்ணை வைத்தும் சமாளிக்க முடியாது. வெள்ளிக்கிழமை போனது ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பும், அதனால் தேதிவாரியாகக் கணக்கு வேண்டும். இரண்டு கரண்டி வராமல் போனால் பில்லை முடிப்பதா, தொங்கலில் வைப்பதா? அட்வான்ஸில் கழிப்பதா? இதையெல்லாம் யோசித்து ஒரு முடிவெடுத்தவரிடம் இன்டர்வியூவில் எப்படிக் கேட்டாலும் பதில் வரும். உடைந்த இங்கிலீஷில் வந்தாலும் பரவாயில்லை.

பைத்தானோ ஜாவாவோ, தெரிந்ததில் எழுதுங்கள். முதல் நாளிலிருந்தே, தப்பாக எழுதியதையும் சேர்த்து, கிட்ஹப்பில் (எழுதிய புரோகிராமைத் தேதியோடு சேமித்துக் காட்டும் தளம்) போட்டு வாருங்கள். வாங்கின புராஜெக்ட் என்றால் ஒரே நாளில் மொத்தமாக வந்து விழுந்திருக்கும். பார்க்கிறவருக்கு அது தெரியும். ரெஸ்யூமிலிருந்து பழையதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

விண்ணப்பம் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. தரமணியில் மத்திய அரசின் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. புதிதாக டிகிரி முடித்தவர்கள் பழகுநர்களுக்கான நாட்ஸ் (NATS) இணையதளத்தில் பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. கம்பெனியில் உதவித்தொகையோடு பழகுநராகச் சேரலாம். உண்மையான அனுபவம்.

ஆனால் இதையெல்லாம் வேளச்சேரியில் உட்கார்ந்து செய்யாதீர்கள். பத்து மாதமாக நீங்கள் அங்கே, அப்பா ஊரில் அண்டா தூக்குகிறார். அந்த வாடகைக் காசில்தான் உங்கள் பி.ஜி. வாடகையும் போகிறது. சம்பாதிக்கிற வரைக்கும் வீட்டுச் சோறு சாப்பிடுகிற பிள்ளை வீட்டு வேலைக்குத் தோள் கொடுக்க வேண்டும், டிகிரி வாங்கியிருந்தாலும் சரி. இதில் நான் பழைய ஆள்தான். இன்டர்வியூ வந்தால் ராத்திரி பஸ் இருக்கிறது.

ஊருக்குப் போனதும் முதலில் அந்த அடைப்புக்குறி விஷயத்தை அப்பாவிடம் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் போன தை மாதத்து நோட்டைக் கேளுங்கள். திரும்பி வராத கரண்டிகளுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு குறி போட்டு வைத்திருப்பார், சுழியோ கோடோ. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு உங்கள் முதல் டேபிளை எழுத ஆரம்பியுங்கள்.